இன்ஜினியர் ஆகாமல் போன மரியா

ஆஃபர் லெட்டர் வந்த அன்னிக்கு அம்மா ஸ்வீட் வாங்கி தெரு முழுக்கக் கொடுத்தாங்க. எங்க வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல. நடந்து போனா வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். எதிர் வீட்டுத் தம்பிக்கு 19 வயசு. அறிவுசார் குறைபாடு உள்ளவன். போன வருஷம்தான் சிறப்புப் பள்ளியை முடிச்சான். மைசூர்பாக்கை வாயில போட்டுக்கிட்டே, அக்காவுக்கு லெட்டர் வந்துடுச்சு, எனக்கு எப்போ வரும்னு கேட்டான். அவங்க அம்மா சட்டுனு பேச்சை மாத்திட்டாங்க. நானும் சிரிச்சு மழுப்பிட்டு வந்துட்டேன்.

ஆப்டிட்யூட் கிளாஸ், குரூப் டிஸ்கஷன், மாக் இன்டர்வியூ, ரெஸ்யூமேல கமா எங்க வைக்கணும்ங்கிறது வரைக்கும் நம்மளை வேலைக்குத் தயார் பண்ண நாலு வருஷமா எவ்வளவு நடந்தது! அவனை யார் எப்படித் தயார் பண்ணாங்கன்னு யோசிச்சா பதில் இல்லை. இந்த வேலையை முதல்ல யார் செஞ்சாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். கிடைச்ச பெயர் நமக்கெல்லாம் எல்கேஜி போர்டுல பார்த்துப் பழகின பெயர்: மரியா மாண்டிசோரி.

எனக்கு முதல் ஆச்சரியம், அந்தம்மா நம்ம ஆளு. இன்ஜினியர் ஆகணும்னு கிளம்பினவர்.

1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியில் கியாரவாலே என்ற சிறிய ஊரில் பிறந்தார். அப்பா அலெஸ்ஸாந்த்ரோ அரசாங்க நிதித்துறை அதிகாரி. அம்மா ரெனில்தே அந்தக் காலத்துப் பெண்களில் நன்றாகப் படித்தவர். மரியாவுக்கு ஐந்து வயது ஆனபோது குடும்பம் ரோம் நகருக்கு வந்தது. அந்தக் காலத்தில் பெண்பிள்ளை மேலே படிக்கிறாள் என்றால் டீச்சர் ஆகத்தான் என்று அர்த்தம். மரியாவோ 13 வயதில் பையன்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் போய்ச் சேர்ந்தார். கணக்கு, இயற்பியல், வேதியியல், வரைபடம் என்று நம்ம ஃபர்ஸ்ட் இயர் சிலபஸ் மாதிரியே இருக்கு. 1890-ல் அங்கே படிப்பை முடிக்கும்போது மனசு மாறிவிட்டது. இனி டாக்டர்தான் என்றார். இன்ஜினியரிங்கையே அரைமனசாக ஒத்துக்கொண்ட அப்பாவுக்கு அது இன்னொரு அடி.

ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த காலத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆண் மாணவர்கள் இருக்கும்போது பிணத்தின் முன்னால் ஒரு பெண் நிற்கக் கூடாது என்பதால், எல்லோரும் போன பிறகு பிண அறுவைக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து படிப்பாராம். நாற்றம் தாங்காமல் புகை பிடித்துச் சமாளித்திருக்கிறார். லேப் எக்ஸ்ட்ரா அவர்ஸுக்கே அலுத்துக்கொள்ளும் நாம் இதைப் படித்துவிட்டு அமைதியாக இருக்கலாம். 1896-ல் பட்டம் வாங்கினார். இத்தாலியின் ஆரம்பகாலப் பெண் டாக்டர்களில் ஒருவர்.

அடுத்து பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் வேலை. சிகிச்சைக்குத் தகுந்தவர்களைத் தேடி ரோமின் மனநலக் காப்பகங்களுக்குப் போய்வர வேண்டியிருந்தது. அங்கேதான் அந்தக் குழந்தைகளைப் பார்த்தார். பள்ளியில் சேர்க்க முடியாது, வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள், மனநோயாளிகளோடு சேர்த்து அடைக்கப்பட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகள் மேல் பாய்வார்கள் என்று அங்கிருந்த பராமரிப்பாளர் அருவருப்போடு சொன்னாராம். மரியா அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். நாலு சுவர், ஒன்றுமில்லாத தரை. பொம்மை கிடையாது, கயிறு கிடையாது, கையில் எடுக்க ஒரு கல்கூடக் கிடையாது. அந்தக் குழந்தைகள் துணுக்குகளைத் தின்பதைவிட விரலால் உருட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களுடைய பசி கைக்கு என்று அவருக்குப் பட்டது. இது மருந்தால் தீரும் பிரச்சினை இல்லை, கற்பித்தல் பிரச்சினை என்ற எண்ணம் அவருக்கு வந்தது இங்கேதான்.

அதன்பின் படிப்பில் விழுந்தார். அவருக்கு முன்னால் இந்தப் பாதையில் போனவர்கள் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். காட்டில் பிடிபட்ட ஒரு பையனுக்குப் பல வருடம் பாடம் சொல்லிக்கொடுத்த டாக்டர் இட்டார்ட் ஒருவர். அவரிடம் கற்ற எட்வர்ட் செகன் இன்னொருவர். பாரிஸில் இந்தக் குழந்தைகளுக்காகவே பள்ளி நடத்தி, 1846-ல் பெரிய புத்தகம் எழுதி, பிறகு அமெரிக்கா போய் 1880-ல் இறந்தவர் செகன். உடம்பின் அசைவிலிருந்து புலன்களுக்கு, புலன்களிலிருந்து யோசனைக்கு என்று படிப்படியாக ஏற்றுவது அவருடைய முறை. பட்டன் போட, கயிறு கட்டப் பழகும் சட்டங்கள்கூட அவரிடமிருந்து வந்தவைதான். அவருடைய 600 பக்கப் புத்தகத்தை மரியா இத்தாலிய மொழியில் தன் கையாலேயே முழுக்க எழுதிப் பார்த்தார். ஒவ்வொரு வார்த்தையிலும் நின்று யோசிக்க நேரம் கிடைக்கும் என்பதற்காக. காப்பி பேஸ்ட் தலைமுறை நாம். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

1900-ல் ரோமில் ஒரு பள்ளி திறந்தார்கள். இந்தக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களைத் தயார் செய்யும் பள்ளி அது, கூடவே குழந்தைகளுக்கான வகுப்பும் இருந்தது. டாக்டர் ஜுசெப்பே மான்டெசானோவும் மரியாவும் இயக்குநர்கள். காலை எட்டு மணி முதல் இரவு ஏழு மணி வரை மரியாவே குழந்தைகளோடு இருப்பார். இரவில் அன்றைக்கு நடந்ததையெல்லாம் எழுதி ஒழுங்குபடுத்துவார்.

இந்தக் காலத்தில் நடந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையே. காஞ்சிபுரத்துக்காரங்க கவனமா படிங்க.

பதினொரு வயதுப் பெண் ஒருத்தி. கையில் பலத்துக்கோ அசைவுக்கோ குறையில்லை. ஆனால் தையல் வரவில்லை. கிழிந்த இடத்தில் ஊசியை ஒரு இழைக்கு மேலே, அடுத்த இழைக்குக் கீழே என்று ஓட்ட வேண்டும். அவ்வளவுதான். எத்தனை முறை காட்டியும் அந்த முதல் படியே அவளுக்கு ஏறவில்லை. மரியா ஊசியை வாங்கி வைத்துவிட்டார். பதிலாகக் காகிதப் பட்டைகளைக் கொடுத்தார். மேலும் கீழும் பொருத்திய நெடுக்குப் பட்டைகளுக்கு நடுவே குறுக்குப் பட்டையை மேலே கீழே, மேலே கீழே என்று நுழைக்கும் விளையாட்டு. ஃப்ரோபெல் என்ற ஜெர்மானியர் குழந்தைகளுக்காக உண்டாக்கியது. அதாவது பாவும் ஊடையும். அந்தப் பெண் காகிதத்தில் நெய்யப் பழகினாள். நன்றாகக் கை பழகியதும் மறுபடி ஊசியும் துணியும். இந்த முறை தைத்துவிட்டாள்.

மரியா இதில் கண்டுபிடித்ததை நம்ம பாஷையில் சொன்னால் யூனிட் டெஸ்ட். மொத்த ப்ரோக்ராமையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, வேலை செய்யலை என்று தலையில் கை வைப்பதில் பயன் இல்லை. ஊசி கூர்மையாக இருக்கிறது, நூல் மெல்லிசாக இருக்கிறது, துணி நழுவுகிறது, அதற்கு மேல் இழை எண்ண வேண்டும். இத்தனையும் சேர்ந்து அவளைத் தோற்கடித்தது. தையலுக்கு வேண்டிய கை அசைவை மட்டும் தனியாகப் பிரித்து, பெரிதாக, பயமில்லாததாக ஆக்கிக் கொடுத்தபோது, தைக்காமலேயே அவள் கை தையலுக்குத் தயாரானது. அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் தையல் வகுப்பு எல்லோருக்குமே காகித நெசவில்தான் ஆரம்பித்தது.

எழுத்துக்கும் இதே வழி. மரத்தில் செதுக்கிய எழுத்துகளைச் செய்யச் சொல்லி, பென்சில் கொடுப்பதற்கு முன்னால் விரலால் தடவிப் பழகவிட்டார். சில குழந்தைகள் எழுதப் படிக்கக் கற்று, சாதாரணப் பள்ளிக் குழந்தைகளோடு பொதுத் தேர்வு எழுதித் தேறினார்கள். ஊரே அதிசயம் என்றது. மரியாவுக்கு வேறு கேள்வி வந்தது. காப்பகத்துப் பிள்ளைகள் இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள் என்றால், நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளை நம் பள்ளிகள் எந்த அளவுக்கு அமுக்கி வைத்திருக்கின்றன?

அருமையான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியோடு அவர் அந்தக் குழந்தைகளை விட்டுப் போய்விட்டார் என்பதையும் சொல்லணும். 1901-ல் அந்தப் பள்ளியிலிருந்து விலகினார். காரணம் படிப்பு மட்டுமில்லை. மான்டெசானோவுக்கும் அவருக்கும் 1898-ல் ஒரு மகன் பிறந்திருந்தான், மாரியோ. கல்யாணம் ஆகாத ஒரு பெண் டாக்டருக்குக் குழந்தை என்று தெரிந்தால் வேலை, பெயர் எல்லாம் போய்விடும். குழந்தையை கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார்கள். பிறகு மான்டெசானோ வேறொருவரைத் திருமணம் செய்துகொண்டார். தினமும் அவரோடு ஒரே கட்டடத்தில் வேலை பார்ப்பது முடியாமல் போனது. மற்றவர்களின் குழந்தைகளுக்காகக் காலை எட்டு முதல் இரவு ஏழு வரை நின்றவர், தன் பிள்ளையை அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பதினைந்து வயது வாக்கில்தான் மாரியோ அம்மாவோடு வந்து சேர்ந்தார்.

அதற்குப் பின்னான கதை எல்லோருக்கும் தெரிந்தது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1907 ஜனவரி 6 அன்று ரோமின் ஏழைப் பகுதியான சான் லொரென்சோவில் குழந்தைகள் இல்லம் திறந்தார். அங்கே மர எழுத்து செய்யப் பணம் இல்லாமல் அட்டையிலும் உப்புத்தாளிலும் வெட்டினார். அதுவே பிறகு உலகம் முழுக்கப் போனது. அமெரிக்கா, ஸ்பெயின், இங்கிலாந்து, ஹாலந்து என்று எங்கும் பள்ளிகள். முசோலினியோடு ஒத்துப்போகாமல் 1934-ல் இத்தாலியை விட்டார். 1936-ல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வர, அங்கிருந்தும் கிளம்பினார்.

1939-ல் வந்து சேர்ந்த இடம் நம்ம மெட்ராஸ். அடையாறு தியசாபிகல் சொசைட்டியின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைத்திருந்தார். அவர் மனைவி ருக்மிணி தேவி 1936-ல் தொடங்கிய கலாக்ஷேத்ராவும் அப்போது அடையாறில்தான் இருந்தது. நடனம்தான் நமக்குத் தெரியும். பழைய காஞ்சிப் பட்டு டிசைன்களை மறுபடி தறியில் ஏற்றியவர்களும் அவர்களே. கீற்றுக் கொட்டகைகளில் சுமார் 300 பேருக்கு ஆசிரியர் பயிற்சி. மரியா இத்தாலிய மொழியில் பேசுவார், பக்கத்தில் நின்று மாரியோ இங்கிலீஷில் சொல்வார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். மாரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். மரியா அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. ஆகஸ்டில் அவருக்கு 70-வது பிறந்தநாள். பரிசாக மாரியோவை விடுவிப்பதாக வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. அதில் அவரை மகன் என்றே குறிப்பிட்டிருந்தது. அதுவரைக்கும் வெளியே உறவுக்காரப் பையன் என்றுதான் சொல்லி வந்தார்கள். 42 வருடம் மறைத்ததை ஒரு அரசாங்கத் தந்தி சாதாரணமாகச் சொல்லிவிட்டது. இதைப் படித்தபோது நான் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டேன்.

போர்க் காலத்தில் சில வருடங்கள் கொடைக்கானலில் இருந்தார். 1946-ல் ஐரோப்பா திரும்பி, மறுபடி இந்தியா வந்து போனார். 1952 மே 6 அன்று ஹாலந்தில் கடலோர ஊரான நோர்ட்வைக்கில் இறந்தார். நோபல் அமைதிப் பரிசுக்கு மூன்று முறை பெயர் போனது, கிடைக்கவில்லை.

அவருடைய பிற்கால யோசனை ஒன்றைப் பலர் பேசுவதில்லை. பன்னிரண்டு வயதுக்கு மேல் பிள்ளைகளைப் பெஞ்சில் உட்கார வைக்கக் கூடாது என்றார். நிலத்தில் வேலை செய்யணும், விளைந்ததைக் கடை வைத்து விற்கணும், கையில் காசு வாங்கிப் பார்க்கணும். தன் உழைப்புக்கு ஊரில் ஒரு விலை இருக்கிறது என்று தெரியாமல் யாரும் பெரியவர் ஆக முடியாது என்பது அவர் எண்ணம். அவர் எழுதியது எல்லாப் பிள்ளைகளுக்கும். ஆனால் எனக்கு எதிர் வீடுதான் ஞாபகம் வந்தது.

ஏன்னா, தம்பியோட பள்ளியிலயும் தொழிற்பயிற்சி இருந்தது. மெழுகுவர்த்தி, காகிதக் கவர். செஞ்சதெல்லாம் ஆண்டு விழா மேசையில வெச்சாங்க, வந்தவங்க பாவம்னு வாங்கிட்டுப் போனாங்க. அந்தப் பயிற்சியில தப்பில்லை. ஆனா எங்க தெருவுல மெழுகுவர்த்தி செஞ்சு யாரும் பிழைக்கலை. இங்க இருக்கிறது பட்டு. பாவு, ஊடை, ஜரிகை, தார் சுற்றுற ராட்டை. பள்ளிக்கும் தெருவுக்கும் நடுவுல யாரும் பாலம் போடலை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 18 வயசு வரைக்கும் இலவசப் படிப்பு உரிமை. அரசு வேலையில 4 சதவீத ஒதுக்கீடு, அதுல ஒரு சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் போன்ற பிரிவுகளுக்குச் சேர்த்து. முட்டுக்காட்டுல, 2019 வரைக்கும் நம்ம மாவட்டமா இருந்த இடத்துல, மத்திய அரசோட தேசிய நிறுவனமே 2005-லேர்ந்து இருக்கு. 18-வது பிறந்தநாளுக்கு மறுநாள் காலையில பையன் எங்க போகணும்ங்கிறதுக்கு மட்டும் எங்க தெருவுல பதில் இல்லை. அவன் திண்ணையில உட்கார்ந்தான்.

இன்னொரு எரிச்சல். மாண்டிசோரின்னு போர்டு போட்ட எத்தனை பள்ளியில இந்தக் குழந்தைகளுக்கு அட்மிஷன் கிடைக்கும்? அந்த மரக்கட்டை, சட்டம், எழுத்து எல்லாத்துக்கும் வேர் அவங்களுக்காகச் செஞ்ச வேலையிலதான் இருக்கு.

தம்பியோட தாத்தா அம்பது வருஷம் தறியில உட்கார்ந்தவர். பேரனைத் தறியில பழக்கலாம்னு முன்னாடியே பார்த்தாராம். கோர்வை போடும்போது மறுபக்கக் கரைக்கு நாடா தள்ள ஒரு ஆள் வேணும், அதுக்கு உட்கார வெச்சிருக்கார். ரெண்டு நாள்ல இழை அறுந்து, இவர் கத்தி, அவன் அழுது, முடிஞ்சது. ஒரு காலத்துல அந்த இடத்துல சின்னச் சின்னப் பிள்ளைகளை உட்கார வெச்ச ஊர் இது. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயசுல. அதனால கை பழகினா போதும்னு சொல்லவும் எனக்குப் பயமா இருக்கு. பழகின கைக்குக் கூலி கொடுக்காம வேலை வாங்கவும் நம்ம ஊருக்குத் தெரியும். தாத்தாகிட்ட இதையும் சொன்னேன். அவன் சுத்துற தாருக்கு மத்தவங்களுக்குக் கொடுக்கிற அதே கூலின்னார்.

அந்தப் பதினொரு வயசுப் பொண்ணு கதையைச் சொன்னப்போ தாத்தா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் உள்ள போய் ஒரு பலகையும் ஆணியும் எடுத்துட்டு வந்தார். மேல பத்து, கீழ பத்துனு ஆணி அடிச்சு, சணல் கயித்தைப் பாவா கட்டினார். ஊடைக்குப் பழைய சேலையை விரல் அகலத்துக்குக் கிழிச்சுக் கொடுத்தார். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. தப்பானா துணி தூக்கிக்கிட்டு நிக்கும், அவனுக்கே தெரியும், யாரும் சொல்ல வேண்டியதில்லை. மரியா செஞ்ச பொருள்கள்லயும் இந்தக் குணம் உண்டு, தப்பைப் பொருளே காட்டிக் கொடுக்கும். இதைப் படிக்காமலேயே தாத்தாவுக்குத் தெரிஞ்சிருந்தது.

இப்போ ரெண்டு மாசம் ஆச்சு. அடுத்து மெல்லிசுக் கயிறு, அப்புறம் பருத்தி நூல், அதுக்கப்புறம் ராட்டையில தார் சுத்தறதுன்னு தாத்தா ஒரு கணக்கு வெச்சிருக்கார். பட்டு எப்போன்னு கேட்டா பதில் சொல்ல மாட்டார். போன ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போனப்போ பதினோரு வரி ஓட்டியிருந்தான். ஏழாவது வரியில ஒரு கயிறு தாண்டியிருந்தது. நான் விரலை நீட்டினேன். தாத்தா என் கையைத் தட்டிவிட்டார். நான் சாயங்காலம் பஸ் ஏறக் கிளம்புற வரைக்கும் அவன் அதைப் பார்க்கலை. பன்னெண்டாவது வரியில இருந்தான்.